ஆணி புடுங்குறது ஈஸி, திருகாணி கழட்டுறதுதான் கஷ்டம்

ஐ.டி. கம்பெனியில வேலை பாக்குற பதிவர் கூட்டத்துக்கு 'ஆணி'ன்னா என்னன்னு விளக்க வேண்டியதில்லை. ஆபீஸ் வேலைக்கு நாம வச்ச செல்லப் பேரு. உபயம், 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து காண்ட்ராக்டர் நேசமணி. (2019-ல் அதே நேசமணி உலக அளவுல டிரெண்ட் ஆன கூத்து தனிக் கதை.) இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஆணியோட தம்பியைப் பத்தி எழுதலாம்னு உக்காந்தேன். தம்பி பேரு திருகாணி. அதாங்க, ஸ்க்ரூ.

ஆணியை அடிக்கவும் புடுங்கவும் ஒரு சுத்தியல் போதும். எந்த ஊர் ஆணியா இருந்தாலும் சுத்தியல் கேள்வி கேக்காது. ஸ்க்ரூ அப்படிக் கிடையாது. அதோட தலையில என்ன வெட்டு இருக்கோ, அந்த வெட்டுக்குன்னு பொறந்த திருப்புளிதான் வேணும். நம்ம வீடுகள்ல ஸ்க்ரூ தலை மழுங்கிப் போறதுக்கு முக்கியக் காரணம், அதோட பூர்வீகம் தெரியாம கையில கிடைச்சதை (பெரும்பாலும் கரண்ட் பாக்குற டெஸ்டர்!) வச்சுத் திருகுறதுதான். அந்தப் பூர்வீகத்தைத் தேடிப் போனா, பாதிக் கதை எங்க ஊர்ப் பக்கமே சுத்துது. சிதம்பரம், கடலூர், ரெண்டுக்கும் நடுவுல பரங்கிப்பேட்டை.

சிதம்பரம்: 72,000 ஆணி

முதல்ல சிதம்பரம். நடராஜர் கோயில் சிற்றம்பலத்தோட பொற்கூரையைப் பார்த்திருப்பீங்க. அதுல 21,600 பொன் ஓடுகள், அதை இறுக்கிப் பிடிக்க 72,000 ஆணிகள்னு கணக்கு சொல்றது கோயில் மரபு. 21,600 என்பது ஒரு நாளைக்கு மனுஷன் விடுற மூச்சு, 72,000 என்பது உடம்புல ஓடுற நாடிகள். தத்துவத்தை ஒரு பக்கம் வச்சுட்டு, இஞ்சினியர் கண்ணோட பாருங்க. ஒரு கூரையை ஓட்டோட பிடிச்சு வைக்க நம்ம ஆளுங்க நம்புனது ஆணியைத்தான். அதுல ஒரு திருகாணி கூட கணக்குல வரல.

மரவேலையிலயும் அப்படித்தான். துளை போட்டு, அதுக்குள்ள நாக்கைச் செருகி, மர முளை அடிச்சு இறுக்குறதுதான் நம்ம தச்சு முறை. தேர், நிலைக்கதவு எல்லாத்துக்கும் இதே வழி. மரையை நாம பாக்காதவங்க கிடையாது. காதுத் தோட்டுல திருகாணி இருக்கு. 'அவனுக்கு மரை கழண்டு போச்சு'ன்னு பேச்சுலயும் புழங்குது. ஆனா கதவுக் கீலையும் பெட்டிப் பூட்டையும் மரத்தோட இறுக்குற இரும்பு ஸ்க்ரூ கப்பல்ல வந்த சாமான்.

கடலூர்: துப்பாக்கியோட வந்த திருகாணி

அந்தக் கப்பல் நின்ன இடங்கள்ல ஒண்ணு கடலூர். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர்கிட்ட இருந்து விலைக்கு வாங்குச்சு. புனித டேவிட் கோட்டைன்னு பேர் வச்சாங்க. கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அதுவரைக்கும் உள்ள கிராமங்களும் கம்பெனிக்குன்னு ஒப்பந்தம். அதனாலதான் 'குண்டு கிராமங்கள்'னு பேரு. குண்டு உப்பலவாடியில இருக்குற 'குண்டு' அந்தக் குண்டுதான்னு ஊர்ல சொல்லுவாங்க.

பீரங்கிக்கு ஸ்க்ரூ வேணாம். ஆனா சிப்பாய் தோள்ல தொங்குன பழைய கல்-இயந்திரத் துப்பாக்கிக்கு வேணும். சுடுற இயந்திரத்தைக் கழட்டித் துடைச்சு மாட்டணும்னா அது ஸ்க்ரூவுல நிக்கணும். கழட்டுறதுக்குன்னு சின்னதா ஒரு கருவியும் வேணும். அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு 'டர்ன்ஸ்க்ரூ'. பிரெஞ்சுல 'தூர்ன்விஸ்'. ரெண்டுக்கும் அர்த்தம் 'திருகைத் திருப்புறது'. நம்மாளு இன்னும் ஒரு படி மேல போய், அதோட வடிவத்தையும் சேர்த்துப் பேர் வச்சுட்டான்: திருப்பு + உளி = திருப்புளி. கூரா இருந்தா உளி, மழுங்கலா இருந்து திருப்பினா திருப்புளி. என்ன ஒரு பேரு பாருங்க!

இன்னொரு ஒத்துமை. துப்பாக்கியில அந்த இயந்திரத்தைப் பிடிச்சு வைக்கிற ஸ்க்ரூவை ஆங்கிலேயத் துப்பாக்கிக் கொல்லர்கள் 'சைடு நெயில்'னுதான் சொன்னாங்க. அதாவது ஆணி! மரை வெட்டின பிறகும் அவங்களுக்கு அது ஆணிதான். நாமளும் 'திருகு'ன்னு மட்டும் சொல்லாம 'திருகாணி'ன்னுதானே சொல்றோம்.

அன்னிக்கு ஸ்க்ரூவெல்லாம் அரத்தால கையில ராவினது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஜோடிப் பொருத்தம். ஒரு போல்ட்டோட நட்டு இன்னொரு போல்ட்டுல ஏறாது. 1800-ஐ ஒட்டி லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லே துல்லியமா மரை வெட்டுற லேத்தை உருவாக்கினார். அவர்கிட்ட வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-ல், மரையோட கோணம் 55 டிகிரி, இந்தத் தடிமனுக்கு இஞ்சுக்கு இத்தனை மரைன்னு ஒரு அளவு முறையை முன்வச்சார். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, முதல் புரோட்டோகால்.

மர ஸ்க்ரூவுக்கு இன்னொரு சிக்கல் இருந்துச்சு. நுனி மழுங்கலா இருக்கும். முழு நீளத்துக்கும் துளை போட்டுட்டுத்தான் முடுக்க முடியும். 1846-ல் தாமஸ் ஸ்லோன் என்ற அமெரிக்கர் கூர்நுனி ஸ்க்ரூவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1854-ல் அந்த இயந்திரங்களோட பிரிட்டிஷ் உரிமையை பர்மிங்ஹாம் நெட்டில்ஃபோல்டு, தன் மச்சினர் சேம்பர்லினோட பணத்தைச் சேர்த்து வாங்கினார். (பின்னாடி பெரிய அரசியல்வாதியான ஜோசப் சேம்பர்லின், 18 வயசுல அந்த முதலீட்டைப் பாத்துக்கத்தான் பர்மிங்ஹாம் வந்தார்.) 1902-ல் நெட்டில்ஃபோல்டு போய் 'கெஸ்ட், கீன், நெட்டில்ஃபோல்ட்ஸ்' ஆச்சு. அந்தக் குழுமத்தோட இந்தியக் கிளைதான் ஹவுராவுல இருந்த கெஸ்ட் கீன் வில்லியம்ஸ். பழைய ஆசாரிங்ககிட்ட 'ஜி.கே.டபிள்யூ. ஸ்க்ரூ'ன்னு சொல்லிப் பாருங்க, முகம் மலரும்.

இந்த வரலாறு வெறும் பொது அறிவுக்கு இல்ல. ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி நுனியைப் பாத்தாலே காலம் தெரியும். நுனி மொண்ணையா, தலையில இருக்குற வெட்டு நடுவுல இல்லாம ஒதுங்கி இருந்தா, பத்தொன்பதாம் நூற்றாண்டோட முதல் பாதியா இருக்க வாய்ப்பு. கூரா, வெட்டு சரியா நடுவுல இருந்தா அதுக்குப் பிறகு வந்த மிஷின் சரக்கு. ஆனா அதைப் பாக்கணும்னா ஸ்க்ரூ முழுசா வெளிய வரணுமே!

பரங்கிப்பேட்டை: திருப்புளிக்கு உயிர் கொடுத்த ஊர்

ஸ்க்ரூ முழுசா வரணும்னா திருப்புளியோட நுனி வளையவும் கூடாது, உடையவும் கூடாது. அது எஃகோட வேலை. இங்கதான் பரங்கிப்பேட்டை வருது.

ஜோசய்யா மார்ஷல் ஹீத்னு ஒருத்தர். கம்பெனி உத்தியோகத்துல சேலத்துல கமர்ஷியல் ரெசிடெண்டா இருந்தவர். கஞ்சமலை மாதிரி இடங்கள்ல கிடைக்கிற இரும்புத் தாதுவைப் பாத்து மயங்கி, உத்தியோகத்தை விட்டுட்டு 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில இரும்பாலை கட்டினார். தாது சேலத்துல, உலை கடற்கரையில! காவிரியில பரிசல்ல தாது வந்துச்சு. எரிக்க நிலக்கரி இல்ல, மரக்கரிதான். காடு அழிய அழிய கரி வர்ற தூரம் கூடுச்சு, செலவும் கூடுச்சு. கம்பெனிகிட்ட கடன் மேல கடன். இருந்தாலும் இரும்பு தரமா இருந்துச்சு. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுச்சு. வேல்ஸ்ல 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு இந்த இரும்பு போச்சுன்னு பழைய கெஜட்டியர்கள் சொல்லுது.

ஹீத் வெறும் வியாபாரி கிடையாது. நம்ம ஊர்க் கொல்லர்கள் எஃகு செய்யுற விதத்தைக் கூர்ந்து பார்த்தவர். சின்ன மண் மூசைக்குள்ள இரும்புத் துண்டு, ஆவாரங்கட்டை, மேல எருக்கிலை, வாயை மண்ணால மூடி உலையில வைக்கிறதுன்னு அவர் எழுதின கட்டுரை 1839-ல் லண்டன் ராயல் ஏஷியாடிக் சொசைட்டி இதழ்ல வந்துச்சு. அதே 1839-ல் அவர் ஒரு காப்புரிமையும் வாங்கினார். மூசையில எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்க்கணும், அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் 'கொஞ்சம்' என்ன பண்ணுச்சு? இரும்புல இருக்குற கந்தகம், எஃகைச் சூடு பண்ணி அடிக்கும்போது விரிசல் விட வைக்கும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுரும். உருகின எஃகுல இருக்குற ஆக்சிஜனையும் எடுத்துரும். அதுவரைக்கும் ஷெஃபீல்டுக்காரங்க நல்ல எஃகுக்கு விலை கூடின ஸ்வீடன் இரும்பைத்தான் நம்பி இருந்தாங்க. ஹீத்துக்கு அப்புறம் மட்டமான இரும்புலயும் நல்ல கருவி எஃகு செய்ய முடிஞ்சது. விலை மளமளன்னு இறங்குச்சு. கத்தி, உளி, அரம், திருப்புளி எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

ஹீத்துக்கு என்ன கிடைச்சுது? ஷெஃபீல்டுல அவரோட ஏஜெண்டா இருந்த அன்வின், 'நான் ரெடிமேட் மாங்கனீசுக் கலவையைப் போடல. மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாத்தான் போட்டேன்'னு சொல்லிட்டு, ராயல்டி கொடுக்காம அதையே செஞ்சார். மூசைக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா காப்புரிமைப் பத்திரத்துல எழுதின வார்த்தை வேற. கேஸ் கோர்ட்டு கோர்ட்டா ஏறுச்சு. 1851-ல் ஹீத் காலமானார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிரா முடிச்சு வச்சுது. மாங்கனீசு மட்டும் உலகம் பூராவும் பரவிடுச்சு. இன்னிக்கு நாம வாங்குற எந்த எஃகுத் திருப்புளியிலயும் சிறு அளவு மாங்கனீசு இருக்கு. பரங்கிப்பேட்டை உலை அந்த நூற்றாண்டு முடிய வெகு முன்னாடியே அணைஞ்சு போச்சு.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு. இங்க இருந்து கச்சா இரும்பு கப்பல் ஏறுச்சு. அங்க இருந்து பெட்டி பெட்டியா ஸ்க்ரூ இறங்குச்சு. அதே இரும்புதான் ஸ்க்ரூவாத் திரும்பி வந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா வேலையும் லாபமும் தங்கின ஊர் எது, காடு அழிஞ்ச ஊர் எதுன்னு பாத்தா போதும். எஃகு செய்யத் தெரிஞ்ச கொல்லர் வாழ்ந்த மாவட்டத்துலயே, பர்மிங்ஹாம் ஸ்க்ரூவை வாங்கிக் கதவு மாட்டினோம்.

36 ஸ்க்ரூவும் ஒரு கதவும்

கடலூர் ஓ.டி.யில அப்படி ஒரு கதவு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் ஓட்டைப் பறக்க விட்டதுல இருந்து பாழாக் கிடந்த எங்க சொந்தக்காரங்க வீடு. போன வருஷம் இடிக்கிறதுன்னு முடிவாச்சு. வாசல் கதவை மட்டும் முழுசா எடுக்கணும்னு சித்தப்பா பிடிவாதம். தேக்கு, ரெட்டைக் கதவு, ஆறு கீல், கீலுக்கு ஆறு ஸ்க்ரூ. மொத்தம் 36. ஆசாரி வந்து பாத்துட்டு, "தம்பி, கடப்பாரையைக் குடுத்தா அஞ்சு நிமிஷம். ஆனா நிலை பொளந்துடும், கீலும் வளைஞ்சிரும். திருகாணியா கழட்டணும்னா ரெண்டு நாளு ஆகும், பரவால்லியா?"ன்னார். சித்தப்பா, "ரெண்டு நாளே ஆகட்டும்ணே"ன்னுட்டார். நான் எடுபிடி.

கடல் காத்துல உப்பு. இரும்பு துருவா மாறும்போது ரெண்டு மடங்குக்கும் மேல பருத்துடும். மரைக்கும் மரத்துக்கும் நடுவுல ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். அவர் செஞ்சதை வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல சுரண்டல். தலை வெட்டுக்குள்ள பல வருஷத்து பெயிண்ட். ரம்பத்துண்டால அடி வரைக்கும் சுரண்டி எடுத்தார். திருப்புளி முழு ஆழத்துக்கு உக்காரலைன்னா எவ்வளவு பலம் போட்டாலும் வழுக்கும்.

2. அளவு. வெட்டோட நீளத்தையும் தடிமனையும் நிறைக்கிற நுனியாத் தேடினார். சரியா இல்லாததை அரத்துல ராவி சரி பண்ணினார். நுனியோட ரெண்டு பக்கமும் இணையா இருக்கணும். ஆப்பு மாதிரி சரிவா இருந்தா, திருகும்போது தானே மேல ஏறி வெளிய வந்துடும்.

3. எண்ணெய். மண்ணெண்ணெய் ஒவ்வொரு தலைக்கும் ரெண்டு சொட்டு, ராத்திரி பூரா ஊற விட்டார். தேங்காய் எண்ணெய் கெட்டி, இடுக்குல இறங்காது. இப்ப கடையில கிடைக்கிற டபிள்யூ.டி.-40-யும் இதுக்கு ஆகும். (அது 1953-ல் அமெரிக்காவுல ராக்கெட் துருப்பிடிக்காம இருக்க உருவாக்கினது. தண்ணியை விலக்குற கலவை 40-வது முயற்சியில வந்ததால அந்தப் பேரு.)

4. அதிர்ச்சி. திருப்புளியை வெட்டுல வச்சு சுத்தியலால நாலு தட்டு. துருவோட பிடி உடையணும். அப்புறம் கழட்டுற பக்கம் திருப்பாம, மொதல்ல முடுக்குற பக்கம் ஒரு மயிரிழை. அசைஞ்சா ஜெயிச்சாச்சு.

5. சூடு. அப்பவும் மசியாததுக்கு, மண்ணெண்ணெயைத் துடைச்சு நல்லாக் காய விட்டுட்டு, நான் கொண்டுபோன சால்டரிங் அயர்ன். தலையில வச்சு சூடேத்தி ஆற விட்டா, விரிஞ்சு சுருங்கி பிடி தளரும்.

6. கடைசி வழி. தலை போனதுக்கு ஹாக்சா பிளேடால புது வெட்டு. அதுவும் முடியலைன்னா தலையை டிரில் பண்ணி எடுத்துட்டு, கீலைத் தூக்கிட்டு, மிச்சத்தைப் பிளையரால பிடிச்சுத் திருகுறது.

36-ல் 33 முழுசா வந்துச்சு. மூணுக்கு டிரில். வந்ததெல்லாம் கூர்நுனி, வெட்டு நட்டநடுவுல. அப்ப கீல் மாட்டினது ஸ்லோனுக்கும் நெட்டில்ஃபோல்டுக்கும் அப்புறம். பத்திரம் எதுவும் இல்லாத வீட்டுக்கு அந்த 33 ஸ்க்ரூவும்தான் சாட்சி. கடப்பாரை போட்டிருந்தா அதுவும் இல்ல.

எல்லா ப்ளஸ்ஸும் ஒரே ப்ளஸ் இல்ல

புது ஸ்க்ரூவுலயும் இதே பூர்வீகப் பிரச்சினை உண்டு. 'ஸ்டார்'னு நாம சொல்ற ப்ளஸ் தலைக்கு அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை வாங்கினார். திருப்புளி தானா நடுவுல போய் உக்காரும், அதனால கார் கம்பெனி அசெம்ப்ளி லைனுக்கு வசதி. முதல்ல பயன்படுத்தினது கேடிலாக். பலம் அதிகமானா வழுக்கி வெளிய வந்துடும் என்பது அதோட குணம்.

1980-கள்ல ஜப்பான் கூட்டுல நம்ம ரோட்டுக்கு வந்த ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிகள்ல இருக்குற ப்ளஸ் வேற. ஜப்பான் தரமான ஜே.ஐ.எஸ். பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் உள்வளைவு வேற. பல ஸ்க்ரூல தலையில ஒரு சின்னப் புள்ளி அடையாளமா இருக்கும். அதுல பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டா முழுசா இறங்காம தலையைக் கடிச்சுத் துப்பிடும். ஐரோப்பிய மேஜை நாற்காலியில வர்றது போசிட்ரிவ். ப்ளஸ்ஸுக்கு நடுவுல நாலு மெல்லிசுக் கோடு இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தா ஆறுமுனை டார்க்ஸ், 1967-ல் வந்தது. அப்பா காலத்துப் புல்லட்டுன்னா (1955-ல் மெட்ராஸ்ல ஆரம்பிச்சது) பிரிட்டிஷ் இஞ்சு மரை. மில்லிமீட்டர் நட்டை அதுல ஏத்தினா மரை போயிடும்.

வாங்கும்போது

32-இன்-1 கலர் பெட்டி வேண்டாம். நாலே நாலு நல்லது போதும்: ப்ளஸ்ல 1-ம் நம்பர், 2-ம் நம்பர், மைனஸ்ல சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. ஜப்பான் வண்டி வச்சிருந்தா ஜே.ஐ.எஸ். ஒண்ணு கூட.

தண்டுல அளவு பொறிச்சிருக்கான்னு பாருங்க. அளவு போடத் தைரியம் இல்லாதவன் அளவா செஞ்சிருக்க மாட்டான். இந்தியத் தரம் ஐ.எஸ். 844-னு இருந்தா இன்னும் நல்லது. கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல உருட்டுங்க, கோணல் தெரிஞ்சிரும். நுனியில பளபளப்பு முலாம் தடியா இருந்து முனை உருண்டிருந்தா வச்சிடுங்க. குரோம் வனேடியம் எஃகு, ராக்வெல் சி அளவுல 50-க்கு மேல 60-க்குள்ள இருந்தா வளையாது, நொறுங்கவும் நொறுங்காது. (ஹீத் கம்பெனியோட பேர்லயே 'குரோம்' இருந்துச்சு. சேலத்துல தோண்டி எடுத்த அது அன்னிக்கு எஃகுக்குப் போகல, சாயத்துக்குப் போச்சு!)

கைப்பிடி தடியா இருக்கணும். நீளமான திருப்புளிக்குத்தான் பலம்னு ஒரு நம்பிக்கை உண்டு. முறுக்குவிசையைக் கூட்டுறது கைப்பிடியோட தடிமன்தான், தண்டோட நீளம் இல்ல. சதுரத் தண்டு கிடைச்சா, ஸ்பானர் போட்டுத் திருகலாம்.

பிராண்டு கேட்டா, நாசிக் தபாரியா என் கைக்குப் பழகினது. அது ஆரம்பிச்சது ஒரு ஸ்வீடன் கம்பெனியோட தொழில்நுட்பத்துல. ஸ்வீடன் இரும்பைச் சார்ந்திருந்த ஷெஃபீல்டை விடுவிச்ச எஃகு ரகசியம் பரங்கிப்பேட்டை ஆளோடது. நமக்குத் திருப்புளி வந்தது மறுபடி ஸ்வீடன் வழியா. சரித்திரமும் வலஞ்சுழி மரைதான் போல :-)

டிஸ்கி 1: மண்ணெண்ணெய் ஊத்தின ஈரத்துல சால்டரிங் அயர்ன் வைக்காதீங்க, தீப்பிடிக்கும். அஞ்சாவது ஸ்டெப்பைத் திரும்பப் படிங்க.

டிஸ்கி 2: டெஸ்டரை வச்சு ஸ்க்ரூ கழட்டாதீங்க. பிளாஸ்டிக் விரிசல் விட்டா அடுத்த தடவை கரண்ட் இருக்கான்னு உங்க விரல் சொல்லும்.